பெயரை மட்டும் விட்டுக்கொடுக்காத பாட்னாக்காரர்

தலைக்குத் தேய்க்கும் ஷாம்பு என்ற சொல் இந்தியாவிலிருந்து போனது. உடம்பைப் பிடித்துவிடுவதைக் குறிக்கும் இந்திச் சொல்தான் ஆங்கிலத்தில் அப்படி ஆனது. அதை இங்கிலாந்து முழுவதும் பிரபலமாக்கியவர் பாட்னாவில் பிறந்த ஒரு முஸ்லிம். அவர் பெயர் சேக் டீன் முகமது.

1759-இல் பிறந்த அவருடைய தந்தை கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் பணியாற்றி உயிரிழந்தவர். சிறுவன் முகமது சுமார் 11 வயதிலேயே, தாயார் தடுத்தும் கேளாமல், காட்ஃப்ரி பேக்கர் என்ற ஐரிஷ் அதிகாரியுடன் படை முகாமுக்குப் போய்விட்டார். அங்கேயே வளர்ந்து சுபேதார் பதவி வரை உயர்ந்தார். பேக்கர் பணியை விட்டு விலகியபோது முகமதுவும் விலகினார். 1784-இல் இருவரும் அயர்லாந்தின் கார்க் நகரில் போய் இறங்கினர்.

அந்தக் காலத்தில் கம்பெனிக் கப்பல்களில் வந்த லஸ்கர் மாலுமிகள் பலர், திரும்பிப் போகக் கப்பல் கிடைக்காமல் லண்டன் தெருக்களில் குளிரிலும் பசியிலும் வாடினர். அவர்களில் முஸ்லிம்கள் ஏராளம். முகமதுவுக்கு அந்த நிலை வரவில்லை. காரணம், பேக்கர் குடும்பத்தின் ஆதரவு. கார்க்கில் அவர் ஆங்கிலத்தை முறையாகக் கற்றார்.

அங்கே ஜேன் டேலி என்ற பெண்ணை விரும்பி, ஊருக்குத் தெரியாமல் அழைத்துச் சென்று 1786-இல் திருமணம் செய்துகொண்டார். புராட்டஸ்டண்டுப் பெண்ணை வேற்று மதத்தவர் மணக்க அன்றைய சட்டம் இடம் தரவில்லை. எனவே அவர் ஆங்கிலிக்கன் திருச்சபையில் சேர்ந்தார். மதம் மாறியது, முகமது என்ற பெயர் மாறவில்லை.

1794-இல் தம் பயண அனுபவங்களைக் கடித வடிவில் இரண்டு பாகங்களாக வெளியிட்டார். 300-க்கும் மேற்பட்டோர் முன்பணம் கட்டி அதை ஆதரித்தனர். ஆங்கிலத்தில் நூல் வெளியிட்ட முதல் இந்தியர் அவரே. இந்தியாவின் நகரங்களையும் முஸ்லிம் குடும்பங்களின் சடங்குகளையும் ஐரோப்பியருக்கு மரியாதையோடு விளக்கிய நூல் அது.

கடையும் கடனும்

பிறகு குடும்பத்தோடு லண்டனுக்குக் குடிபெயர்ந்தார். 1810-இல் போர்ட்மேன் சதுக்கத்துக்கு அருகில், ஜார்ஜ் தெருவில், இந்துஸ்தானி காப்பிக் கடையைத் திறந்தார். பிரிட்டனில் இந்தியர் ஒருவர் நடத்திய முதல் உணவகம் அதுவே. மூங்கில் நாற்காலிகள், சுவரில் இந்தியக் காட்சிகள், கறி வகைகள், புகைக்க ஹூக்கா என எல்லாம் இருந்தன. ஆனால், இந்தியாவில் இருந்துவிட்டுத் திரும்பிய செல்வந்தர்கள் பலர் வீட்டிலேயே இந்தியச் சமையற்காரர்களை வைத்திருந்தனர். போட்ட முதல் திரும்பவில்லை. 1812-இல் முகமது நொடித்துப்போனார். ஐம்பது வயதைத் தாண்டியவர், வேலைக்காரர் பணி வேண்டும் என்று செய்தித்தாளில் விளம்பரம் கொடுக்க நேர்ந்தது.

அத்துடன் அவர் ஓய்ந்துவிடவில்லை. கடற்கரை நகரமான பிரைட்டனுக்குப் போய், மூலிகை ஆவிக் குளியலும் உடம்பு பிடித்துவிடுதலும் தரும் குளியலகம் நடத்தினார். முதலில் அவரை ஏமாற்றுக்காரர் என்று சிலர் ஏளனம் செய்தனர். கீல்வாதத்தால் அவதிப்பட்டோர் குணமடையத் தொடங்கியதும் பேச்சு மாறியது. குணமானவர்கள் விட்டுச்சென்ற ஊன்றுகோல்கள் அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டன. நான்காம் ஜார்ஜ், நான்காம் வில்லியம் ஆகிய இரு மன்னர்களும் அவரைத் தங்கள் ஷாம்பு சிகிச்சையாளராக நியமித்தனர்.

இந்த மரியாதைக்கு அவர் கொடுத்த விலையும் உண்டு. படைவீரராக இருந்த தம் உண்மையான வாழ்க்கையை ஆங்கிலேய நோயாளிகள் நம்பி ஏற்கமாட்டார்கள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். 1822-இல் வெளியிட்ட மருத்துவ நூலில் வயதோடு பத்து ஆண்டுகளைக் கூட்டி, இந்தியாவில் மருத்துவம் பயின்றவராகத் தம்மைக் காட்டிக்கொண்டார். அந்நிய நாட்டில் அவருடைய தோற்றமும் பெயரும் வியாபாரத்துக்கு உதவின. உள்ளபடியான அவருடைய கதை உதவவில்லை.

விக்டோரியா அரசியின் காலத்தில் பழைய அரச ஆதரவு கிட்டவில்லை. குளியலகக் கட்டடம் ஏலத்துக்கு வந்தபோது, அதை வாங்க அவரிடம் பணமும் இல்லை. சிறிய இடத்தில் தொழிலைத் தொடர்ந்த அவர், 1851 பிப்ரவரி 24-இல் காலமானார். அதற்குள் ஊர் அவரை ஏறக்குறைய மறந்திருந்தது.

ஆனால் வேர் பிடித்துவிட்டது. அவருடைய பேரன் ஃபிரெடரிக் அக்பர் முகமது, லண்டனின் புகழ்பெற்ற கைஸ் மருத்துவமனையில் மருத்துவரானார். சிறுநீரக நோய் இல்லாதவர்களுக்கும் உயர் இரத்த அழுத்தம் வரலாம் என்று எடுத்துக்காட்டிய முன்னோடி அவர். தாத்தா சொல்லிக்கொண்ட மருத்துவப் பட்டத்தைப் பேரன் படித்தே பெற்றார்.

2005-இல் லண்டன் ஜார்ஜ் தெருவில் அந்தக் காப்பிக் கடையின் நினைவாகப் பச்சை நிறப் பலகை ஒன்று வைக்கப்பட்டது. பிரைட்டனில், செயின்ட் நிக்கோலஸ் தேவாலய வளாகத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. அதில் பொறித்துள்ள 101 என்ற வயது தவறு. முகமது என்ற பெயரும் பாட்னா என்ற ஊரும் சரியாகவே இருக்கின்றன.