செம்மண் கரையில் இறங்கிய இளவரசன்

புத்தளம் மாவட்டத்தின் வடகோடியில், வில்பத்துக் காடு கடலைத் தொடுமிடத்தில் குதிரைமலை முனை அமைந்திருக்கிறது. அக்கரையின் மண் செம்பு நிறமுடையது. ஒருமுறை அங்கே நின்றபோது அம்மண்ணை ஒரு பிடி அள்ளிப் பார்த்தேன். கீழே உதிர்த்த பின்னரும் அதன் சிவப்பு உள்ளங்கையை விட்டு அகலவில்லை. கப்பலிலிருந்து இறங்கிக் களைத்துத் தரையில் கையூன்றி அமர்ந்த இளைஞர் கூட்டமொன்றின் கைகளும் இவ்வாறே சிவந்தன என்றும், அதனாலேயே இந்நிலம் தம்பபண்ணி எனப் பெயர் பெற்றது என்றும் மகாவம்சம் கூறுகிறது. அக்கூட்டத்தின் தலைவன் விசயன். அவன் இறங்கிய துறை இக்கரையில்தான் இருந்தது என்று கருதுவோர் பலர். வேறிடம் காட்டுவோரும் உளர்.

விசயனுக்கும் மகாவம்சம் எழுதப்பட்ட காலத்துக்கும் இடையே ஏறத்தாழ ஓராயிரம் ஆண்டுகள் கிடக்கின்றன. ஆதலின் நான் கூறப்போவது அந்நூல் வரைந்து காட்டும் வாழ்க்கையையே. ஐயமற்ற வரலாற்றை அன்று. ஆயினும் ஒரு நாட்டின் முதல் அரசனாக அந்நூல் நிறுத்துபவன் ஊரார் வெறுத்துத் துரத்திய ஓர் இளங்குற்றவாளி என்பது நம்மைச் சிந்திக்க வைக்க வேண்டும்.

அவன் குலத்தின் கதையே வன்மையில் தொடங்குகிறது. தந்தை சிங்கபாகு ஒரு சிங்கத்துக்கும் அரசகுமாரிக்கும் பிறந்தவன். பதினாறு வயதில், குகை வாயிலை அடைத்திருந்த பெரும்பாறையைத் தோளில் தூக்கிச் சென்றவன். தாயையும் தங்கையையும் சுமந்து வெளியேறியவன். பின்னர் ஊர்களை அழித்துத் திரிந்த தன் தந்தையாகிய சிங்கத்தைப் பரிசுப் பொருளின்பொருட்டு அம்பெய்து கொன்றான். இலாட நாட்டில் சிங்கபுரம் அமைத்து அரசாண்ட அவனுக்குப் பிறந்த மக்கள் முப்பத்திருவருள் மூத்தவனே விசயன்.

இளவரசுப் பட்டம் பெற்ற விசயன் தன்னையொத்த தோழருடன் கூடிக் குடிகளுக்குத் தீங்கிழைத்தான். மக்கள் மன்னனிடம் முறையிட்டனர், மன்னன் மகனைக் கண்டித்தான், பயனில்லை. மீண்டும் முறையிட்டனர், மீண்டும் கண்டித்தான். மூன்றாம் முறை, மகனைக் கொன்றுவிடும்படியே மக்கள் வேண்டினர். பரிசுக்காகத் தந்தையைக் கொன்றவனுக்கு மகனைக் கொல்லும் மனம் வரவில்லை. விசயனுக்கும் அவனுடைய எழுநூறு தோழர்க்கும் தலையைப் பாதி மழித்துக் கப்பலேற்றிக் கடலில் விட்டான். அவர்தம் மனைவியரையும் மக்களையும் தனித்தனிக் கப்பல்களில் அனுப்பினான். குற்றம் செய்யாத குழந்தைகளுக்கும் அத்தண்டனை விதிக்கப்பட்டதை நூல் அமைதியாகச் சொல்லிச் செல்கிறது. படிக்கும் நம்மால் அவ்வாறு கடந்து செல்ல முடியவில்லை.

கடல் அவர்களைத் திருத்தவில்லை. மேலைக்கரையில் சுப்பாரகத் துறையில் இறங்கியபோதும் தோழர்களின் வன்செயலால் அங்கே தங்க முடியாது போயிற்று. மீண்டும் கப்பலேறி இலங்கைக் கரையை அடைந்தனர். புத்தர் பரிநிருவாணம் எய்திய அதே நாளில் அவர்கள் இறங்கினர் என்பது மகாவம்சத்தின் கூற்று. இலங்கை மரபு அதனைக் கி. மு. 543 எனக் கணக்கிடும்.

கரையில் ஒரு நாயைக் கண்டனர். நாயிருந்தால் ஊருமிருக்கும் என்றெண்ணி ஒருவன் பின்தொடர்ந்தான். பின்னர் ஒருவர்பின் ஒருவராக எல்லோரும் சென்று மறைந்தனர். அது நாய் வடிவம் கொண்ட ஓர் இயக்கி. அவளுடைய தலைவி குவேனி ஒரு மரத்தடியில் தவமகள் போல் நூல் நூற்றுக்கொண்டிருந்தாள். தேடி வந்த விசயன் அவளைப் பற்றி வாளோங்கினான். உயிர்ப்பிச்சை வேண்டிய குவேனி தோழர்களை விடுவித்தாள். உணவுக்கு அரிசி அளித்தாள். பதினாறு வயதுப் பேரழகியாக உருமாறி அவனுக்கு மனைவியானாள்.

அன்றிரவு தொலைவில் இசையொலி எழுந்தது. சிரீசவத்து நகரில் இயக்கர் திருமணம் நடைபெறுவதை அவளே தெரிவித்தாள். கண்ணுக்குப் புலனாகாத இயக்கரை எவ்வாறு வெல்வது என்று விசயன் மயங்கினான். தான் குரலெழுப்பும் திசையில் வாளை வீசினால், தன் மாய ஆற்றலால் அது அவர்கள்மேல் படும் என்றாள். அவ்வாறே மணவீடு கொலைக்களமாயிற்று. தன் இனத்தையே காட்டிக்கொடுத்து ஓர் அகதிக்கு அரசு தேடிக்கொடுத்தாள் குவேனி.

அரசு நிலைத்தது, தோழர்கள் ஊர்கள் அமைத்தனர், முடிசூட்டு விழாவுக்கு நாள் பார்க்கும் வேளை வந்தது. உயர்குடிப் பெண்ணொருத்தி பட்டத்தரசியாக வேண்டும் என்றான் விசயன். மதுரைப் பாண்டியனிடம் தூது சென்றது. பாண்டியன் மகளும், தோழர்களுக்கு மனைவியராகப் பல கன்னியரும், கைவினைஞரும், பதினெண் தொழிற்குடிகளைச் சேர்ந்த ஆயிரம் குடும்பத்தினரும் மாதோட்டத்தில் வந்திறங்கினர். குவேனி, தன் இரு குழந்தைகளையும் விட்டுவிட்டுப் போகும்படி பணிக்கப்பட்டாள். எந்த மாய ஆற்றலால் அவன் அரசனானானோ அந்த ஆற்றலைக் கண்டே மக்கள் அஞ்சுகிறார்கள் என்பது அவன் காட்டிய காரணம்.

குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு தன் இனத்தார் வாழ்ந்த இலங்காபுரத்துக்கே சென்றாள் அவள். ஒற்றறிய வந்தவள் என ஐயுற்று இயக்கனொருவன் அவளை அறைந்து கொன்றான். ஊர்ப்புறத்தே நின்ற குழந்தைகளைத் தாய்வழி மாமன் கண்டு தப்பியோடச் செய்தான். அவர்கள் இன்றைய சிவனொளிபாதமலைக் காடுகளில் வளர்ந்தனர். புலிந்தர் அவர்களின் வழியினர் என்பது மகாவம்சம் தரும் செய்தி.

விசயன் பழைய தீயொழுக்கத்தைக் கைவிட்டு முப்பத்தெட்டு ஆண்டுகள் அறநெறியில் ஆண்டானாம். ஆண்டுதோறும் மாமனாகிய பாண்டியனுக்கு விலையுயர்ந்த முத்து அனுப்பினானாம். ஆனால் பட்டத்தரசியிடம் அவனுக்கு மகவு பிறக்கவில்லை. அவன் தம்பி சுமித்தனின் மகன் பண்டுவாசுதேவனே வந்து அரியணை ஏறினான்.

இதனினும் பழைய நூலாகிய தீபவம்சத்தில் குவேனியின் கதை இல்லை. அகழ்வாய்வோ வேறொன்று சொல்கிறது. இதே மாவட்டத்துப் பொன்பரப்பியில், 1970ஆம் ஆண்டு ஆய்வு உட்படப் பல அகழ்வுகள் வெளிப்படுத்திய தாழிகள் நம் ஆதிச்சநல்லூர்த் தாழிகளை நினைவூட்டுகின்றன. ஒரே நாளில் ஒரே கப்பலில் இந்நாட்டின் வரலாறு வந்திறங்கவில்லை. இரு கரைகளுக்குமிடையே மக்கள் நெடுங்காலம் வந்தும் போயும் இருந்தனர். விசயனை வந்தேறியென்று இகழ்வதற்கும், தனியுரிமைக்குச் சான்றாக உயர்த்துவதற்கும் இக்கதையைக் கருவியாக்குவோர் இதனை எண்ணிப்பார்த்தல் நன்று. அவன் கதையே மதுரைக் குடும்பங்களையும் இத்தீவின் பழங்குடிகளையும் ஒருசேரக் கொண்டதன்றோ?

மாணவர்க்கு இக்கதையைக் கற்பிக்கும் ஆசிரிய நண்பர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. கெட்டவன் திருந்தினான் என்று சொல்லி நிறுத்திவிடாதீர்கள். திருந்துவதற்கு அவனுக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்தது. அதனைக் கொடுத்தவளுக்கோ அத்தகைய வாய்ப்பு எவராலும் கொடுக்கப்படவில்லை. உயிர்ப்பிச்சை பெற்று நாடுகடந்த ஒருவன், தான் அரசனானபின் வேறொருத்தியை நாடுகடத்தினான். தந்தை தனக்கு அளித்த தண்டனையையே, அதைவிடக் குறைந்த காரணத்துக்காக, அவன் அவளுக்கு அளித்தான். அறநெறி ஆட்சியின் முப்பத்தெட்டு ஆண்டுகளும் அந்த ஒரு நாளுக்கு ஈடாகுமா என்ற வினாவை வகுப்பறையில் எழுப்புங்கள். இளைஞர்கள் தாமே விடை தேடட்டும்.

குதிரைமலையில் அன்று மாலை கைகளைக் கடல்நீரில் கழுவினேன். செம்மண் கரைந்து போயிற்று. காட்டுப் பக்கம் திரும்பியபோது என் நினைவில் நின்றவன் விசயன் அல்லன்; இரு குழந்தைகளைக் கையில் பிடித்தபடி அவ்வழியே நடந்து சென்றவள்.