யோகான் பிரெடரிக் ஓபர்லின்

யோகான் பிரெடரிக் ஓபர்லின் (ஆகஸ்ட் 31, 1740 – ஜூன் 1, 1826) அல்சாஸ் பகுதியைச் சேர்ந்த லூத்தரன் திருச்சபைப் போதகரும், கல்வியாளரும், சமூகச் சீர்திருத்தவாதியும் ஆவார். வோஜ் மலைத்தொடரில் உள்ள வால்டர்ஸ்பாக் என்னும் சிற்றூரில் 1767 முதல் இறக்கும் வரை 59 ஆண்டுகள் பணியாற்றினார். பள்ளி செல்லும் வயதை எட்டாத சிறு குழந்தைகளுக்காக இவரது திருச்சபையில் தொடங்கப்பட்ட பின்னல் பள்ளிகள், ஐரோப்பாவில் தோன்றிய பாலர் பள்ளிகளின் முன்னோடிகளுள் முதன்மையானவையாகக் கருதப்படுகின்றன. பிரெஞ்சு மொழியில் இவரது பெயர் ஷான் பிரெடெரிக் ஓபர்லின் என வழங்கும்.

இளமைக் காலம்

ஓபர்லின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓர் ஆசிரியர் குடும்பத்தில் பிறந்தார். மொழியியல், தொல்லியல் துறைகளில் புகழ் பெற்ற ஜெரெமி ஜாக் ஓபர்லின் இவரது அண்ணன் ஆவார். ஸ்ட்ராஸ்பூர்க் பல்கலைக்கழகத்தில் இறையியல் பயின்ற பின்னர், அந்நகரில் ஓர் அறுவை மருத்துவரின் இல்லத்தில் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியராக இருந்தார். அங்கு அவர் கற்ற அடிப்படை மருத்துவமும் மூலிகை அறிவும் பின்னாளில் மருத்துவர் இல்லாத மலையூர்களில் பெரிதும் பயன்பட்டன.

பான் டி லா ரோஷ்

வால்டர்ஸ்பாக், ஃபூடே, பெல்மோன், பெல்ஃபோஸ், சோல்பாக் ஆகிய ஊர்கள் ஓபர்லினின் பொறுப்பில் இருந்தன. இவை அடங்கிய பகுதி பான் டி லா ரோஷ் எனப்படும். இதன் ஜெர்மன் பெயரான ஷ்டைன்டால் என்பதற்குக் கற்பள்ளத்தாக்கு என்று பொருள். முப்பதாண்டுப் போரில் பெரிதும் சீரழிந்த இப்பகுதியில் மண் வளம் குறைவு, குளிர்காலம் நீண்டது, நல்ல சாலைகள் இல்லை. மக்கள் பேசிய வட்டார வழக்கு வெளியூரார்க்கு விளங்காது.

ஓபர்லினுக்கு முன் போதகராக இருந்த ஷான் ஜார்ஜ் ஸ்டூபர் பள்ளிகளைச் சீர்படுத்தி, மக்களுக்கென ஒரு நூலகத்தையும் ஏற்படுத்தியிருந்தார். அவரது அழைப்பை ஏற்றே ஓபர்லின் இங்கு வந்தார். தொடக்கத்தில் ஊரார் சிலர் அவரது புதிய முயற்சிகளை எதிர்த்தனர். சாலை அமைக்கும் திட்டத்துக்கு மக்கள் தயங்கியபோது, அவர் தாமே கடப்பாரையை எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார். இவ்வாறு ஸ்ட்ராஸ்பூர்க் சாலையோடு இணைக்கும் வழியும், புரூஷ் ஆற்றின் மேல் ஒரு பாலமும் உருவாயின.

பின்னல் பள்ளிகள்

பெற்றோர் இருவரும் வயலுக்குச் சென்றுவிட்டால் சிறு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இருப்பதில்லை. இந்நிலையில் பெல்மோன் ஊரைச் சேர்ந்த சாரா பான்சே (1745–1774) என்னும் இளம்பெண், எவரும் கேட்டுக்கொள்ளாமலேயே குழந்தைகளைத் தன்னிடம் அழைத்துப் பின்னல் கற்றுக்கொடுத்து வந்தார். ஊதியம் இல்லாத இவ்வேலையை அவரது தந்தை விரும்பவில்லை. இதனை அறிந்த ஓபர்லின் 1769 ஆம் ஆண்டில் அவரை ஊதியத்துடன் பணியில் அமர்த்தினார். பின்னர் ஏனைய ஊர்களுக்கும் இத்திட்டம் விரிவாக்கப்பட்டது.

கணப்பு அடுப்பு உள்ள ஓர் அறையில் குழந்தைகள் கூடினர். பின்னல் வேலைக்கு இடையே ஆசிரியைகள் விவிலியக் கதைகளையும், விலங்குகள், செடிகள் பற்றிய செய்திகளையும் வண்ணப் படங்களைக் காட்டிச் சொன்னார்கள். பாடல்களும் உலாவும் இருந்தன. நல்ல பிரெஞ்சு மொழி விளையாட்டின் ஊடாகவே குழந்தைகளுக்குப் பழக்கமாயிற்று. எழுத்துப் பாடத்தைவிட அன்பு, உண்மை, தூய்மை, பிற உயிர்களிடம் இரக்கம் ஆகியவையே இங்கு முதலிடம் பெற்றன. ஆசிரியைகளைத் தேர்ந்து பயிற்றுவிப்பதில் ஓபர்லினின் மனைவி பெரும் பங்கு வகித்தார்.

கடவுள் குழந்தைகளை நேசிக்கிறார் என்பதைக் கேட்டு மட்டும் ஒரு குழந்தையால் அறிய முடியாது, அதைத் தன் நாளில் உணரவும் வேண்டும் என்னும் எண்ணம் இப்பள்ளிகளின் அடிப்படை எனலாம். வயலில் இருந்த தாய்க்கு, தன் பிள்ளை கதகதப்பான இடத்தில் பாதுகாப்பாக இருக்கிறது என்பதே முதல் ஆறுதலாக இருந்தது.

குடும்ப வாழ்க்கை

ஓபர்லின் 1768 ஆம் ஆண்டில் மதலேன் சலோமே விட்டர் என்பவரை மணந்தார். இவர்களுக்கு ஒன்பது குழந்தைகள் பிறந்தனர். கடைசிக் குழந்தை பிறந்து சில வாரங்களில், 1783 ஜனவரியில், மதலேன் காலமானார். ஓபர்லின் தாயில்லாக் குழந்தைகளுடன் தனித்து விடப்பட்டார்.

அவ்வேளையில் குடும்பத்தைத் தாங்கியவர் பெல்ஃபோஸ் ஊரைச் சேர்ந்த லூயிஸ் ஷெப்லர் (1763–1837) ஆவார். பதின்ம வயதிலேயே அவ்வீட்டில் பணிக்குச் சேர்ந்த அவர், பின்னல் பள்ளியிலும் ஆசிரியையாக இருந்தார். மதலேன் இறந்த பின் ஊதியம் பெற மறுத்து, அவ்வீட்டின் மகளாகவே தன்னை ஏற்குமாறு வேண்டினார். திருமணம் செய்துகொள்ளாமல் ஓபர்லினின் குழந்தைகளை வளர்த்ததோடு, சிறுவர் பள்ளிகளின் பணியையும் தொடர்ந்தார்.

துயரம் ஓபர்லினை விட்டு விலகவில்லை. அவரது மகன்களுள் ஒருவர் 1793 ஆம் ஆண்டில் போரில் உயிரிழந்தார். போதகராகத் தமக்குத் துணைநின்ற மற்றொரு மகன் ஆன்றி 1817 ஆம் ஆண்டில் இறந்தார்.

இறை நம்பிக்கை

மனைவியின் மறைவுக்குப் பின், அவர் பல ஆண்டுகள் தமக்குக் கனவிலும் காட்சியிலும் தோன்றியதாக ஓபர்லின் நம்பினார். சுவீடன்போரியின் எழுத்துகளையும் படித்த அவர், மறுமையில் ஆன்மாக்கள் படிப்படியாக உயர்வதைக் காட்டும் விளக்கப் படங்களை வரைந்தார். இக்கருத்துகள் சக இறையியலாளர் பலருக்கு ஏற்புடையனவாக இல்லை. ஆயினும் குழந்தை இறப்பு மிகுந்திருந்த அக்காலத்தில், பிள்ளையை இழந்த பெற்றோரிடம் பிரிவு முடிவல்ல என்று அவர் கூறியது தம் சொந்த இழப்பிலிருந்து பிறந்த சொல்லாக இருந்தது.

வாழ்வாதாரப் பணிகள்

ஓபர்லின் மறுமையைப் பற்றிய ஆறுதலோடு நிற்கவில்லை. தரமான உருளைக்கிழங்கு விதைகளை வரவழைத்தார். உழவர்களுக்குக் கடன் நிதியையும் கருவிக் கிடங்கையும் ஏற்படுத்தினார். இளைஞர்களைத் தொழில் பயில நகரங்களுக்கு அனுப்பினார். மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி கிடைக்கச் செய்தார். திருச்சபையில் திடப்படுத்தல் பெற விரும்பும் இளையோர் மரக்கன்றுகளை நட்டிருக்க வேண்டும் என விதித்தார். அடிமைகளின் உழைப்பில் விளைந்தவை என்பதால் சர்க்கரையையும் காப்பியையும் தவிர்த்தார்.

பாசல் நகரத்தைச் சேர்ந்த லெக்ராண்ட் குடும்பத்தினர் 1810களில் தமது பட்டு நாடா நெசவுத் தொழிலை ஃபூடேக்குக் கொண்டுவந்தனர். தறிகள் வீடுகளிலேயே அமைக்கப்பட்டதால், பெற்றோர் பிள்ளைகளைப் பிரியாமல் வருமானம் ஈட்ட முடிந்தது.

பிரெஞ்சுப் புரட்சிக் காலம்

புரட்சியின்போது கிறித்தவ வழிபாடு தடை செய்யப்பட்டது. ஓபர்லின் வழிபாட்டைக் குடிமக்கள் மன்றக் கூட்டமாக மாற்றி, தம் போதனையைத் தொடர்ந்தார். துரத்தப்பட்டு வந்தவர்களுக்கு அடைக்கலமும் அளித்தார். 1794 கோடையில் கைது செய்யப்பட்ட அவர், ரோபஸ்பியரின் வீழ்ச்சிக்குப் பின் விடுவிக்கப்பட்டார். அதே ஆண்டில் தேசியப் பேரவை அவரது கல்விப் பணியைப் பாராட்டியது. 1818 இல் வேளாண் பணிக்காகத் தங்கப் பதக்கமும், 1819 இல் செவாலியே விருதும் பெற்றார்.

மறைவும் தாக்கமும்

ஓபர்லின் 1826 ஜூன் 1 அன்று தமது 85 ஆம் வயதில் வால்டர்ஸ்பாக்கில் காலமானார். அவரது உடல் ஃபூடே கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது. லூயிஸ் ஷெப்லரின் தொண்டுக்காக 1829 ஆம் ஆண்டில் பிரெஞ்சு அகாதமி அவருக்கு மோன்தியோன் பரிசை வழங்கியது.

ஓபர்லினின் திட்டத்தில் குறைகளும் சுட்டப்படுகின்றன. சிறு குழந்தைகளின் கைவேலைக்குத் தரப்பட்ட இடம் இன்றைய நோக்கில் மிகுதியாகத் தோன்றும். இப்பள்ளிகளைத் தொடங்கிய சாரா பான்சேயின் பெயரும் நெடுங்காலம் ஓபர்லினின் புகழில் மறைந்திருந்தது.

1820களில் பாரிசில் தொடங்கிய குழந்தைக் காப்பகங்களும், அவற்றின் வழிவந்த இன்றைய பிரெஞ்சு மழலையர் பள்ளிகளும் ஓபர்லினைத் தம் முன்னோடியாகக் கொள்கின்றன. அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் 1833 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட ஓபர்லின் நகரமும் கல்லூரியும் அவரது பெயரைத் தாங்கியுள்ளன. 1778 ஆம் ஆண்டில் மனநலம் குன்றிய நிலையில் அவரது வீட்டில் தங்கிய கவிஞர் லென்சை மையமாகக் கொண்டு, கேயார்க் பியூக்னர் எழுதிய குறும்புதினத்தில் ஓபர்லின் ஒரு பாத்திரமாக இடம்பெறுகிறார். வால்டர்ஸ்பாக்கில் அவரது நினைவாக அருங்காட்சியகம் ஒன்று அமைந்துள்ளது.