மண் குவளையில் டீ குடித்த பந்து வீச்சாளர்



கிரிக்கெட் என்றால் நம்ம ஆட்டையாம்பட்டியில் சின்னப் பையனைக் கேட்டாலும் பத்து வீரர்கள் பெயரைச் சொல்லுவான். ஆனால் பல்வங்கர் பாலூ யாருன்னு கேட்டால் தெரியாது. எனக்கும் போன மாதம் வரைக்கும் தெரியாது. நூலகப் பாடவேளையில் படித்தேன். படித்ததில் இருந்து அவர் நினைப்பாகவே இருக்கு. அதனால் இந்த மாதம் அவரைப் பற்றி எழுதுகிறேன்.

பாலூ 1876-ஆம் ஆண்டு கர்நாடகத்தில் உள்ள தார்வாரில் பிறந்தார். தோல் வேலை செய்யும் சமூகம். அந்தக் காலத்தில் அவர்களைத் தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். அப்பாவுக்குப் புனேயில் பட்டாளத்தில் வேலை. அதிகாரிகள் ஆடிவிட்டுப் போட்ட மட்டையும் பந்தும்தான் பாலூவுக்கும் தம்பிக்கும் கிடைத்தது. அதில்தான் பழகினார்கள்.

முதலில் ஒரு பார்சி கிளப்பில் மைதானம் கூட்டி, ரோலர் இழுத்தார். மாதச் சம்பளம் 3 ரூபாய். பிறகு வெள்ளைக்காரர்களின் கிளப்பில் 4 ரூபாய். வலை கட்டணும், கோடு போடணும், பந்தும் போடணும். கிரெய்க் என்ற ஆங்கிலேய வீரருக்கு மணிக்கணக்கில் இடது கையால் சுழல் பந்து வீசினார். தன்னை அவுட் ஆக்கும் ஒவ்வொரு தடவையும் கிரெய்க் எட்டணா கொடுத்தார் என்று சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்க, எட்டுத் தடவை அவுட் ஆக்கினால் ஒரு மாதச் சம்பளம்! ஆனால் பாலூவுக்கு ஒரு நாளும் பேட்டிங் கொடுக்கவில்லை. மட்டை பிடிப்பது துரைகளுக்கு, பந்து போடுவது வேலைக்காரருக்கு.

அவர் திறமை ஊரெல்லாம் தெரிந்தது. வெள்ளைக்காரர்களை ஜெயிக்கணும்னு நினைத்த புனே இந்து அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. மைதானத்தில் அவர் தொட்ட பந்தை எல்லாரும் தொட்டார்கள். ஆனால் டீ நேரம் வந்தால் மற்றவர்களுக்கு உள்ளே பீங்கான் கோப்பை. பாலூவுக்கு வெளியே மண் குவளை. சாப்பாடும் தனித் தட்டு, தனி மேசை.

அடுத்து பம்பாய் போனார். 1906-ல் அங்கே இந்து அணி ஆங்கிலேயர் அணியைத் தோற்கடித்தது. பாலூவும் தம்பி சிவராமும் அதில் ஆடினார்கள். 1911-ல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் இந்திய அணி கப்பலேறி இங்கிலாந்து போனது. அந்த அணி நிறைய ஆட்டங்களில் தோற்றுப் போச்சு. ஆனால் பாலூ மட்டும் தோள்வலியோடு பந்து வீசி 114 விக்கெட் எடுத்தார்! திரும்பி வந்ததும் பம்பாயில் வரவேற்பு. அந்த வரவேற்பு மடலை எழுதியவர் அப்போது இளைஞராக இருந்த அம்பேத்கர். (பின்னாளில், 1937 தேர்தலில், இவர்கள் இரண்டு பேரும் எதிர் எதிராக நின்றார்கள். பாலூ தோற்றார்.)

இவ்வளவு ஆடியும் அவரைக் கடைசிவரை அணித் தலைவர் ஆக்கவில்லை. காரணம் சாதிதான். 1920-ல் தம்பிகள் சிவராமும் விட்டலும் இந்த அநியாயத்தைக் கண்டித்து ஆட்டத்தில் இருந்து விலகினார்கள். அதன் பிறகு பாலூவைத் துணைத் தலைவர் ஆக்கினார்கள். 1923-ல் விட்டல் தலைவர் ஆனார். அந்த வருடம் கோப்பையையும் ஜெயித்தார். அண்ணன் விதைத்தார், தம்பி அறுத்தார்.

இந்தியா முதல் டெஸ்ட் ஆடியது 1932-ல். அப்போது பாலூவுக்கு 56 வயது. அதனால் டெஸ்ட் வீரர் பட்டியலில் அவர் பெயரே கிடையாது. முதல் தர ஆட்டங்கள் 33 ஆடி 179 விக்கெட் எடுத்தவர், 1955 ஜூலையில் காலமானார்.

இதை நான் ஏன் எழுதுகிறேன் தெரியுமா? போன வருடம் குறுவட்டக் கோ-கோ போட்டிக்குப் பழகும்போது டீமில் ஒரு தோழி வீட்டுக்குத் தண்ணி குடிக்கப் போனோம். எல்லாருக்கும் சொம்பில் கொடுத்தாங்க. எனக்கு மட்டும் கையை ஏந்தச் சொல்லி மேலே இருந்து ஊத்தினாங்க. எனக்குப் புரியல. வீட்டில் வந்து கேட்டேன், அம்மா பேச்சை மாத்திட்டாங்க. பாலூவின் மண் குவளையைப் பற்றிப் படித்த அன்றைக்குத்தான் புரிந்தது. ராத்திரி தூக்கமே வரல.

அந்தத் தோழி மேல் எனக்குக் கோபம் இல்லை. அன்றைக்கு அவளும் தலையைக் குனிஞ்சுக்கிட்டுத்தான் நின்னாள். இந்தக் கட்டுரையை முதலில் அவளிடம்தான் படித்துக் காட்டினேன். சுவரில் ஒட்டச் சொன்னதும் அவள்தான்.

இந்த வருடமும் போட்டி வருது. எங்கள் டீமுக்கு ஒரே ஒரு சொம்பு வாங்கி வைத்திருக்கிறோம். எல்லாரும் அதில்தான் வாய் வைத்துக் குடிக்கிறோம். எச்சில் என்று சொல்பவர்கள் கழுவிக் குடிக்கலாம்! ஆனால் சொம்பு ஒன்றுதான்.

பாலூ புகழ் வாழ்க!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி, கோ-கோ அணி