விஞ்ஞானப் பெரியார் ஜகதீச சந்திர போஸ்

பாரத நாடு ஈன்ற விஞ்ஞானப் பெரியார்களுள் சேர் ஜகதீச சந்திர போஸ் தலைசிறந்த ஒருவராவர். இவர் 1858ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் திகதி வங்க நாட்டிலே பிறந்தார். தந்தையார் அரசாங்க உத்தியோகத்தர். அக்காலத்து உத்தியோகத்தர்கள் தம் பிள்ளைகளை ஆங்கிலப் பாடசாலைக்கே அனுப்புவர். இவர் தந்தையாரோ மகன் முதலில் தாய்மொழியைக் கற்கவேண்டுமென்று கருதி, ஊர்ப் பாடசாலையிற் சேர்த்தார். அங்கே மீனவர் மகனும் ஏவலாளர் மகனும் இவருக்குத் தோழராயினர். அவர்கள் சொன்ன பறவை, விலங்குக் கதைகளே இவருக்கு இயற்கை ஆராய்ச்சியில் ஆசையை ஊட்டின.

வைத்தியம் பயில இலண்டன் சென்ற போஸ், ஓயாத காய்ச்சலால் அக்கல்வியைக் கைவிட நேர்ந்தது. பின்னர் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையிற் றேலி பிரபுவிடம் பௌதிகம் கற்று, 1885இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் ஆசிரியரானார். ஐரோப்பியருக்கு ஒரு சம்பளம், இந்தியருக்கு அதிற் குறைந்த சம்பளம் என்பது அன்றைய வழக்கம். போஸ் அதனை ஏற்கவில்லை. மூன்று ஆண்டுகள் ஒரு சதமேனும் வாங்காது பணிபுரிந்தார். ஈற்றில் முழுச் சம்பளமும் நிலுவையுடன் கிடைத்தது. அதைக்கொண்டு தந்தையாரின் கடனை அடைத்தார்.

1895இல் கல்கத்தா நகர மண்டபத்தில் அவர் செய்து காட்டிய பரிசோதனை மறக்கற்பாலதன்று. ஓரிடத்திலிருந்து எழுப்பிய மின்காந்த அலை, சபையில் வீற்றிருந்த துணை ஆளுநரின் உடலையும் சுவர்களையும் ஊடுருவிச் சென்று, தொலைவிலிருந்த மணியை அடித்தது. வெடிமருந்தையும் வெடிக்கச் செய்தது. உடலினூடே சென்ற அலையை அவ்வுடல் உணரவில்லை. ஆனால், அப்பாலிருந்த ஏற்பியின் உலோகம் அதனை உணர்ந்தது. அதன்வழி மின்கலத்தின் மின்னோட்டம் பாய, மணி ஒலித்தது.

பின்னர் 5 மில்லிமீற்றரளவு குறுகிய அலைகளையும் ஆராய்ந்தார். 1902இல் உயிருள்ளவையும் உயிரற்றவையும் தூண்டலுக்கு எவ்வாறு பதிலிறுக்கின்றன என்பது பற்றி நூலொன்றை வெளியிட்டார். 1917இல் கல்கத்தாவில் ஆராய்ச்சி நிலையம் நிறுவினார். 1937 நவம்பர் 23ஆம் திகதி கிரிடியிற் காலமானார்.

அன்று மண்டபத்திற் கண்ட உண்மை இன்று நம் வீட்டு முதியோரின் உயிரோடு தொடர்புடையதாயிற்று. இருதயத் துடிப்பைச் சீர்செய்யும் பேஸ்மேக்கர் என்னுங் கருவி 1958இல் சுவீடனில் முதன்முதலாக ஒருவரின் உடலினுள் வைக்கப்பட்டது. 1970களில் எம்.ஆர்.ஐ. ஸ்கான் தோன்றியது. அங்கே பெருங் காந்தமும், விரைந்து மாறும் காந்தப்புலங்களும், வானொலி அலைகளும் ஒருங்கே தொழிற்படுகின்றன. 1.5 ரெஸ்லா காந்தமாயின் அவ்வலைகள் செக்கனுக்கு ஏறத்தாழ 6 கோடி 40 இலட்சம் முறை அதிர்வன. அவை தசையைப் பெரிதும் தாக்குவதில்லை. கருவியிலிருந்து இருதயம்வரை செல்லுங் கம்பியோ வானொலியின் ஏரியல்போல அவற்றை ஏற்கும். கம்பியின் நுனி சூடேறி, அதனைத் தொட்டிருக்கும் இருதயத் தசையைச் சுடக்கூடும். மாறும் புலங்களை இருதயத் துடிப்பென மயங்கிக் கருவி தன் வேலையை நிறுத்தவுங் கூடும். இதனாற்றான் நெடுங்காலம் இத்தகையோருக்கு ஸ்கான் விலக்கப்பட்டிருந்தது.

இன்று நிலை மாறியுள்ளது. ஸ்கானுக்கு ஏற்றவாறு அமைத்த பேஸ்மேக்கருக்கு 2011இல் அமெரிக்க அரசு அனுமதி வழங்கியது. பழைய கருவிகளோடு 1.5 ரெஸ்லாவில், மார்பு தவிர்ந்த பகுதிகளுக்குச் செய்த 1500 ஸ்கான்களின் முடிவு 2017இல் வெளியாயிற்று. ஸ்கானின்போது ஒருவரும் இறக்கவில்லை, கம்பியொன்றும் பழுதாகவில்லை. ஒரேயொரு கருவியை உடனே மாற்றவேண்டி வந்தது. அது முன்கூட்டியே முறைப்படி மாற்றியமைக்கப்படாத கருவி. ஆகவே, காப்பது நற்பேறன்று, முறையான ஆயத்தமே என்பது தெளிவு.

எனவே, ஒருகொடவத்தைவாழ் பெரியோரே, கருவி பொருத்தியபோது தந்த அட்டையை என்றும் உடன்வைத்திருங்கள். ஸ்கானுக்குச் செல்லுமுன் வைத்தியரிடம் கருவியையும், உடலில் விடப்பட்ட பழைய கம்பி இருப்பின் அதனையும் மறைக்காது கூறுங்கள். இளைஞர்காள், பாட்டனாருடன் வைத்தியசாலைக்குச் சென்று படிவம் நிரப்புபவர் நீங்களே. ஒரு கேள்வியையும் விடாது மெய்யே எழுதுங்கள். கருவியை ஸ்கானுக்கு முன் மாற்றியமைத்தார்களா, பின் பழையபடி ஆக்கினார்களா என்று தயங்காது கேளுங்கள். தமக்குரியதைத் தயங்காது கேட்டுப் பெற்றவர் போஸ். அவரைப் போற்றும் நாம் நம் முதியோருக்காக அவ்வளவேனும் கேட்டல் கடனாகும்.