ஆர். கே. சண்முகனார்

நொய்யலாறு கோவை நகரைக் கடந்து கிழக்கு நோக்கிச் சென்று, திருப்பூரையும் அதனை அடுத்த மண்ணரையையும் தழுவிக் காவிரியை நாடி ஓடுகின்றது. அதன் இரு மருங்கிலும் உள்ள ஊர்கள் பருத்தியாலும் நூலாலும் துணியாலும் வாழ்வன. கடல் கடந்த நாட்டில் போர் மூண்டால் இவ்வூர்களில் பஞ்சின் விலை ஏறும். நெய்தவன் வீட்டிலேயே மாற்றுத் துணிக்கு முட்டுப்பாடு உண்டாகும். உலகப் போருக்காக இந்திய மக்கள் பட்ட இத்தகைய துன்பத்தைக் கணக்கேட்டில் ஏறிய ஒரு கடனாகக் கண்டு, அதனைத் தருமாறு வல்லரசுகளின் அவையில் வாதிட்டவர்களுள் ஒருவர் கொங்கு நாட்டினர். அவரே சர். ஆர். கே. சண்முகம் செட்டியார் ஆவார்.

சண்முகனார் 1892ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் கோயம்புத்தூரில் செல்வ வளம் மிக்க வணிகக் குடியில் தோன்றினார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் பயின்றார். எனினும் வழக்கு மன்றத்தைவிட மக்கள் மன்றமே அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. 1920இல் சென்னைச் சட்ட மன்றத்திற் புகுந்த அவர், பின்னர்த் தில்லி மத்திய சட்டசபையில் உறுப்பினராகி, 1933இல் அதன் தலைவராகவும் உயர்ந்தார். அதற்கு முந்திய ஆண்டு, கனடா நாட்டின் ஒட்டாவா நகரில் நடந்த பேரரசு வணிக மாநாட்டிற்கு இந்தியாவின் சார்பில் சென்றிருந்தார். ஆங்குச் செய்துகொண்ட உடன்படிக்கை ஆங்கிலேயர்க்கே ஆதாயம் தருவது என்று நாட்டுப்பற்றாளர் பலர் அவரைக் கடிந்தனர். 1934ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர் தோல்வியுற்றார். மக்களின் சினத்தில் நியாயம் இல்லாமற் போகவில்லை. அடுத்த ஆண்டு கொச்சி நாட்டின் திவானாகி, 1941 வரை அப்பொறுப்பைத் திறம்பட ஆற்றினார்.

அவர் திவானாக இருந்தபொழுதே இரண்டாம் உலகப் போர் மூண்டது. 1939ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள், இந்தியத் தலைவர் ஒருவரையும் கலந்து கொள்ளாமலே, இந்தியாவும் போரில் இறங்கிவிட்டதாக வைசிராய் லின்லித்கோ அறிவித்தார். போர் முடிவதற்குள் ஏறத்தாழ 25 இலட்சம் இந்தியர் படையில் சேர்ந்தனர். 87,000 பேருக்கு மேற்பட்டோர் உயிர் நீத்தனர். ஆள் மட்டுமா சென்றது? தானியமும் துணியும் சணலும் தோலும் கப்பல் கப்பலாகச் சென்றன.

இவற்றுக்கு விலை கொடுக்கப்பட்ட முறையை மாணவர்கள் கருத்தூன்றி அறிதல் வேண்டும். ஓர் ஊரிலுள்ள கடைக்குப் பெருநிலக்கிழார் ஒருவர் வருகின்றார் என்று கொள்வோம். அவர் வேண்டிய பண்டங்களையெல்லாம் எடுத்துக்கொண்டு, கைப்பணம் தாராது தம் வீட்டுக் கணக்கில் எழுதி வைக்கின்றார். இவ்வாறே, இந்தியாவில் வாங்கிய பொருளுக்கு உரிய தொகையை ஆங்கில அரசு இலண்டன் நகரில் ஸ்டெர்லிங் பவுன்களாக இந்தியாவின் பெயரில் வரவு வைத்தது. அந்த வரவைக் காட்டி, இங்கே ரிசர்வ் வங்கி ரூபாய் நோட்டுகளை அச்சிட்டு வெளியிட்டது. போர் தொடங்கியபொழுது புழக்கத்தில் இருந்த நோட்டுகளின் மதிப்பு ஏறத்தாழ 180 கோடி ரூபாய். 1946இலோ அது 1,200 கோடியைக் கடந்துவிட்டது. பண்டம் குறையப் பணம் பெருகினால் விலை ஏறாமல் என் செய்யும்? 1943இல் வங்காளத்தில் பெரும் பஞ்சம் நேர்ந்து, முப்பது இலட்சம் வரையிலான மக்கள் மாண்டனர் என்று கணிக்கப்படுகின்றது. அப்பஞ்சத்திற்கு இவ்விலையேற்றமும் ஒரு காரணமாயிற்று. அதே ஆண்டில் துணிக்கும் நூலுக்கும் அரசாங்கக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. இலண்டன் ஏட்டில் ஏறிய ஒவ்வொரு பவுனும் இங்கே ஏதோ ஓர் ஏழையின் கலத்தில் குறைந்த சோறும் உடலில் குறைந்த ஆடையுமே ஆகும்.

போரின் நடுவில் சண்முகனார் அமெரிக்கா சென்று, இந்தியாவிற்குத் தேவையான பொருள்களை வாங்கும் தூதுக் குழுவிற்குத் தலைமை தாங்கினார். மீண்டும் 1944ஆம் ஆண்டு சூலைத் திங்களில், அந்நாட்டின் பிரெட்டன் உட்ஸ் என்னும் மலையூரில் 44 நாட்டினர் கூடிய பண மாநாட்டில் இந்தியப் பேராளருள் ஒருவராக அமர்ந்தார். குழுவின் தலைவர் நிதி உறுப்பினரான சர். ஜெரமி ரெய்ஸ்மன் என்னும் ஆங்கிலேயர். ஆயினும் சண்முகனார், சிந்தாமன் தேஷ்முக், ஷிராப் ஆகிய இந்தியரும் அக்குழுவில் இருந்தனர். அடிமை நாடு ஒன்று ஆண்ட நாட்டிற்கே கடன் கொடுத்த நாடாக வந்து நின்ற வியப்பை அவ்வவை கண்டது. போர்க்காலக் கடனின் ஒரு பகுதியையேனும் வேறு நாட்டுப் பணமாக மாற்றிக்கொள்ளப் புதிய பன்னாட்டு நிதியம் வழி செய்ய வேண்டும் என்று இந்தியக் குழுவினர் கேட்டனர். ஆங்கிலக் குழுவின் தலைவராகிய பொருளியல் மேதை கெயின்ஸ், இந்தியாவின் உதவிக்கு நன்றி பாராட்டினார். கடனைத் தம் நாடும் இந்தியாவும் தனியே பேசித் தீர்த்துக்கொள்ளும் என்று கூறி ஒதுக்கினார். நன்றி கிடைத்தது; வழி கிடைக்கவில்லை. எனினும் நிதியத்தில் இந்தியாவின் பங்கு 40 கோடி டாலராக ஏறியது. சோவியத்து நாடு அதிற் சேராது விலகியமையால், முதல் ஐந்து நாடுகளின் வரிசையில் இந்தியாவிற்கு இடம் வாய்த்தது.

போர் முடிந்தபின் இங்கிலாந்து இந்தியாவிற்குத் தர வேண்டிய தொகை சுமார் 130 கோடி பவுன், அதாவது 1,733 கோடி ரூபாய் ஆகும். இந்தியாவைப் பகைவரிடமிருந்து காத்தது தாமே என்றும், ஆதலால் கடனைக் குறைத்தல் வேண்டும் என்றும் அந்நாட்டில் ஒரு சாரார் பேசினர்.

1947இல் நாடு விடுதலை பெற்றது. காங்கிரசைச் சாராத சண்முகனாரை நேரு தம் முதல் அமைச்சரவையில் நிதியமைச்சராக ஏற்றுக்கொண்டார். அவ்வாண்டு நவம்பர் 26ஆம் நாள் அவர் விடுதலை இந்தியாவின் முதல் வரவு செலவுத் திட்டத்தை அவையில் வைத்தார். ஏழரைத் திங்களுக்குரிய அத்திட்டத்தில் வருவாய் 171 கோடி ரூபாய். செலவோ அதனினும் மிகுதி. பாதுகாப்பிற்கே ஏறத்தாழ 92 கோடி வேண்டியிருந்தது. பிரிவினையால் வீடிழந்து வந்தோரைப் புரத்தலும், அயல்நாட்டு உணவுப் பொருளை வாங்குதலும் உடன் சேர்ந்தன. துணி ஏற்றுமதிக்கும் நூல் ஏற்றுமதிக்கும் அவர் தீர்வை விதித்தார். பஞ்சாலை சூழ்ந்த கோவையிற் பிறந்தவர் தம் நாட்டாரின் தொழிலுக்கே வரி விதித்தது சிறிய துணிவன்று.

1948இல் அவரே இலண்டன் சென்று கடன் பேச்சை முடித்தார். ஆங்கிலேயர் இந்தியாவில் விட்டுச் சென்ற போர்த் தளவாடங்களுக்கும் கட்டடங்களுக்குமாக 10 கோடி பவுனும், இங்கே பணியாற்றிய ஆங்கில அலுவலரின் ஓய்வூதியத்திற்கென 16 கோடிக்கு மேற்பட்ட பவுனும் கழிக்கப்பட்டன. எஞ்சிய தொகையும் சிறுகச் சிறுகவே விடுவிக்கப்படும் என்பது ஏற்பாடு. பயன்படாத பழைய தளவாடத்திற்கு இத்துணை விலையா என்று பலர் குறை கூறினர். ஆயினும் கடனையே தள்ளிவிட வேண்டும் என்ற பேச்சு அத்துடன் ஓய்ந்தது. ஆளப்பட்டவர் ஆண்டவரிடம் கணக்குக் கேட்டுக் கையெழுத்துப் பெற்றமை எளிய செயலாகாது.

அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களிலேயே அவர் பதவி துறந்தார். வருமான வரி விசாரணைக் குழுவிற்கு அனுப்பிய வழக்குகள் சில திரும்பப் பெறப்பட்டமை பற்றி அவையில் வினா எழுந்தது. அதற்குப் பொறுப்பேற்று அவர் விலகினார்.

ஆங்கிலப் புலமையால் உலகறிந்த அவர், தமிழை மறந்தவரல்லர். தமிழிசை இயக்கத்திற்குத் துணை நின்றார். சிலப்பதிகாரத்தின் புகார்க் காண்டத்திற்கு உரை வரைந்து 1946இல் வெளியிட்டார். கடல் வணிகத்தால் செழித்த நகரைக் கூறும் அக்காண்டத்தின்பால் வணிகக் குடியில் வந்தவர் உள்ளம் சென்றது இயல்பே. பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் விளங்கினார். 1953ஆம் ஆண்டு மேத் திங்களில் மறைந்தார்.

அவர் கேட்டுப் பெற்ற கடனுக்கோ மேலும் ஓர் இடையூறு நேர்ந்திருந்தது. 1949ஆம் ஆண்டு செப்டம்பரில் ஆங்கிலேயர் பவுனின் மதிப்பைக் குறைத்தனர். நான்கு டாலருக்கு மேல் பெற்ற ஒரு பவுன் 2.80 டாலரே பெறலாயிற்று. இலண்டனில் இருந்த இந்தியப் பணமும் அவ்வளவிற்குத் தேய்ந்தது. தேய்ந்தது போக இருந்ததைக் கொண்டு, 1950ஐ அடுத்த ஆண்டுகளில் இந்தியா அயல்நாட்டுத் தானியமும் பொறிகளும் வாங்கிற்று. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கிய சில ஆண்டுகளுக்குள் அச்சேமிப்பின் பெரும்பகுதி செலவாகித் தீர்ந்தது.