கனவில் கிடைத்த ஐடியா.. அல்சைமர் மாத்திரைக்கு வழிகாட்டிய ஓட்டோ லோவி யார்?

1873-ல் ஜெர்மனியில் பிறந்த ஓட்டோ லோவி, ஆஸ்திரியாவின் கிராட்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர். நரம்பு தகவலை அனுப்புவது மின்சாரத்தாலா, ரசாயனத்தாலா? ஒருநாள் இரவு, இதற்கான சோதனை கனவில் வந்தது. தூக்கக் கலக்கத்தில் எழுதி வச்சார். காலையில் அவருக்கே புரியல!

மறுநாள் இரவும் அதே கனவு. உடனே ஆய்வகத்துக்கு ஓடினார். நரம்பைத் தூண்டியதும் ஒரு தவளையின் இதயத்துடிப்பு குறைந்தது. அதிலிருந்த திரவத்தை இன்னொரு தவளை இதயத்தில் விட்டார், அதுவும் மெதுவானது. ஆக, தகவலைச் சுமப்பது ரசாயனம்தான். அதுதான் அசிட்டைல்கோலின். அதைச் சிதைக்கும் என்சைமைத் தடுக்கலாம் என்பதையும் பின்னர் காட்டினார்.

1936-ல் ஹென்றி டேலுடன் நோபல் பரிசு. 1938-ல் யூதர் என்பதால் நாஜிக்கள் சிறையில் அடைத்தனர். பரிசுப் பணத்தைக் கொடுத்த பிறகே நாட்டைவிட்டு வெளியேற முடிந்தது. 1961-ல் நியூயார்க்கில் காலமானார்.

அல்சைமர் நோயாளிகளின் மூளையில் அசிட்டைல்கோலின் குறைகிறது. இன்றைய டோனெபெசில் மாத்திரை தடுப்பதும் அதே என்சைமைத்தான். நோய் குணமாகாது; ஆனா பலருக்கு நினைவாற்றல் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கிறது.