செவி பிறழ்ந்தும் சுவடி பிறழாத ரிக்டர்

ரிக்டர் என்றவுடன் நிலநடுக்கத்தை அளக்கும் அளவுகோலே நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். நாம் ஈண்டுப் பேசப் புகுவது அவ்வளவுகோலைத் தந்த அமெரிக்க அறிஞரைப் பற்றி அன்று. சோவியத் நாட்டின் ஒப்பற்ற பியானோ கலைஞராக உலகம் போற்றிய ஸ்வியாத்தோஸ்லாவ் ரிக்டரைப் பற்றியே. செவியையே துணையாகக் கொண்டு வளர்ந்தவர் அவர். அச்செவியே முதுமையில் அவரை ஏமாற்றியது. அதன்பின்னும் அவர் மேடையை விட்டு இறங்கவில்லை.

1915 மார்ச் 20 அன்று உக்ரைனிலுள்ள ஜிட்டோமிர் நகரில் பிறந்த ரிக்டர், கருங்கடற்கரை நகராகிய ஒதெஸ்ஸாவில் வளர்ந்தார். தந்தையார் தியோபில் ஜெர்மானிய மரபினர். வியன்னாவில் இசை பயின்று, ஒதெஸ்ஸா இசைக் கல்லூரியில் ஆசிரியப்பணி ஆற்றியவர். எனினும் மகனுக்கு அவர் முறையாகக் கற்பித்தது சிறிதே. விரற்பயிற்சிகளில் மனம் செலுத்தாத சிறுவர், இசைநாடகச் சுவடிகளை எடுத்து வைத்துக்கொண்டு நேரே வாசித்துப் பழகினார். அப்பழக்கமே இளமையில் ஒதெஸ்ஸா இசைநாடக அரங்கில் ஒத்திகைகளுக்குப் பியானோ வாசிக்கும் பணியைப் பெற்றுத் தந்தது. ஒலி ஒன்று காதில் விழுந்தால், ஒப்பிட வேறொரு சுரம் இல்லாமலேயே அது இன்ன சுரம் என்று சொல்லும் ஆற்றல் அவரிடம் இருந்தது. முழுச் சுருதியறிவு என்று இதனை நாம் குறிப்போம். மிகச் சிலர்க்கே வாய்க்கும் அருட்கொடை இது.

இதன் அருமையை உணர மேலை இசையின் இயல்பு ஒன்றை அறிந்து கொள்ளுதல் வேண்டும். நம் நாட்டில் கல்யாணி இராகத்தை ஒருவர் ஒரு கட்டையில் பாடினாலும் மற்றொருவர் ஐந்து கட்டையில் பாடினாலும் அது கல்யாணியே. பாடுவோர் குரலுக்கு ஏற்பச் சுருதி அமையும். மேலைச் செவ்வியல் இசையிலோ, பியானோவுக்கென எழுதப்பட்ட படைப்பின் சுருதி அப்படைப்பின் ஓர் உறுப்பாகவே கருதப்படும். சுரங்களுக்கு ஏ முதல் ஜி வரை எழுத்துப் பெயரிட்டு, சி மேஜர், சி மைனர் என்றெல்லாம் சுருதிநிலைகளை வழங்குவர். ஒவ்வொன்றுக்கும் தனிக் குணம் உண்டு என்பது அவர்களிடையே நெடுநாளைய நம்பிக்கை. சூபர்ட் என்னும் ஜெர்மானியக் கவிஞர் சிறையிருந்த காலத்தில் எழுதி, அவர் மறைவுக்குப் பின் 1806 இல் வெளிவந்த இசையழகியல் நூல், சி மைனருக்குக் காதற்புலம்பலையும் டி மேஜருக்கு வெற்றி முழக்கத்தையும் உரிமையாக்குகிறது. திணைதோறும் ஒரு யாழை வகுத்து வைத்த தமிழர்க்கு இவ்வெண்ணம் முற்றிலும் புதிதன்று.

இன்றைய பியானோவில் அரைச்சுரங்கள் அனைத்தும் சம இடைவெளி உடையன. அவ்வாறாயின் குணவேறுபாடு எங்கிருந்து வரும் என்று வினவுவாரும் உளர். நேரிய வினாவே. ஏ சுரத்துக்கு வினாடிக்கு 440 அதிர்வு என்னும் பொது அளவு உலக நாடுகளிடையே 1939 இல்தான் வகுக்கப்பட்டது; அதற்கு முன் ஊருக்கு ஊர் சுருதி வேறுபட்டது. ஆகவே இக்குணங்களை இயற்கை விதியாகக் கொள்ள நாம் உடன்படோம். ஆனால் முழுச் சுருதியறிவு உடையவர்க்கு ஒவ்வொரு சுருதியும் பழகிய மனிதரின் முகம் போன்றது. தமக்கு நன்கு தெரிந்த ஒரு படைப்பு வேறு சுருதியில் ஒலித்தால், அறிந்தவர் உடலில் அறியாதவர் முகத்தைக் கண்டாற்போல் அவர்கள் திடுக்கிடுவர்.

1937 இல் ரிக்டர் மாஸ்கோ சென்று ஹைன்ரிக் நெய்காஸ் என்னும் பேராசிரியரிடம் மாணவரானார். அரசியற் பாடங்களைப் படிக்க மறுத்தமையால் நீக்கப்பட்டு, ஆசிரியரின் பரிவால் மீண்டும் சேர்ந்தார். 1941 அக்டோபரில் அவர் தந்தையார் ஜெர்மானிய ஒற்றர் என்ற பழி சுமத்தப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டார். தாயார் பின்வாங்கிய ஜெர்மானியரோடு நாட்டை விட்டு அகன்றார். மகன் அவரை மீண்டும் கண்டது 1960 இல், அமெரிக்காவில். இத்துயரங்களுக்கு நடுவேதான், 1943 சனவரியில், புரோகோபீவின் ஏழாவது சொனாட்டாவை நான்கே நாட்களில் பாடம் செய்து முதன்முதலாக அரங்கேற்றினார். தம் ஒன்பதாவது சொனாட்டாவைப் புரோகோபீவ் இவருக்கே உரிமையாக்கினார்.

பாக், 24 சுருதிகளுக்கும் ஒவ்வோர் இணையாக 1722 இல் ஒரு தொகுதியும், பல்லாண்டு கழித்து மற்றொரு தொகுதியும் இயற்றினார். இரண்டையும் ரிக்டர் 1970 முதல் 1973 வரை ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் ஒலிப்பதிவு செய்தார். இருபத்து நான்கு முகங்களையும் பிழையின்றி அடையாளம் காணும் செவி அப்போது அவருக்கு இருந்தது.

வாசிப்பவன் படைப்புக்குத் தன் விளக்கத்தைச் சேர்க்க வேண்டும் என்னும் கருத்து அவருக்கு உடன்பாடு அன்று. எழுதியவர் நோக்கம் முழுவதும் சுவடியிலேயே இருக்கிறது. அதனைக் கண்ணாடி போலக் காட்டுவதே வாசிப்பவன் கடமை என்று அவர் கருதினார். நம் வழக்கில் கூறுவதாயின், படைப்பு அவர் கையில் இருந்த அமானிதம். ஒப்படைக்கப்பட்டதைக் கூட்டவோ குறைக்கவோ அவர் தமக்கு உரிமை இருப்பதாக எண்ணவில்லை. ஆனால் ஷூபர்ட்டின் பி பிளாட் மேஜர் சொனாட்டாவின் முதற்பகுதியை அவர்போல் அத்துணை மெதுவாக வாசித்தவர் அரியர். அதுவும் ஒரு விளக்கமே அன்றோ என்று நமக்குக் கேட்கத் தோன்றுகிறது. அவரோ சுவடியில் உள்ளதையே வாசித்ததாக உறுதியாக நம்பினார்.

பாக்கின் இத்தாலியக் கச்சேரி என்னும் படைப்பில் ஓரிடத்தில் எப் சுரத்துக்கு மாறாக எப் ஷார்ப்பைத் தாம் நாற்பது ஆண்டுகளாக வாசித்து வந்ததை முதுமையில் அவர் கண்டறிந்தார். இசைவாணரோ ஒலிப்பதிவாளரோ ஒருவரும் அதனைச் சுட்டிக் காட்டியதில்லை. யாரும் அறியாத அப்பிழையை அவர் மறைக்கவில்லை. தம் இசைத்தட்டின் உறையிலேயே அதனை அறிவித்து அச்சிடச் செய்தார். ஒரே ஓர் அரைச்சுரம்!

இத்தகையவரின் செவிதான் பிறழத் தொடங்கியது. சுரங்கள் உள்ளதைவிட ஒரு சுரமும், சில வேளை இரண்டு சுரமும் உயர்ந்து கேட்டன. கீழ்ப்பகுதிச் சுரங்களோ தாழ்ந்து கேட்டன. முழுச் சுருதியறிவு உடையோர் பலர்க்கு முதுமையில் இவ்வாறு நேர்வதுண்டு. அவர் ஆசிரியர் நெய்காஸுக்கும், புரோகோபீவுக்கும் இதே துன்பம் நேர்ந்ததை ரிக்டர் அறிந்திருந்தார். மற்றவராயின் இதனால் பெரிதும் இடர்ப்படார். சுரத்தின் பெயர் அவர்கள் காதில் ஒலிப்பதில்லை. ரிக்டருக்கோ விரல் சி மைனரில் செல்ல, செவி டி மைனர் என்று சாதிக்கும். மனப்பாடமாக வாசிப்பவன் செவியைத் தொடர்ந்தே விரலைச் செலுத்துகிறான். செவி பொய் சொன்னால் விரல் எதை நம்பும்? இது தமக்குப் பெருஞ்சித்திரவதை என்றே அவர் கூறியிருக்கிறார்.

1980 ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் மனப்பாடமாக வாசிப்பதை நிறுத்திக்கொண்டு, சுவடியை எதிரே விரித்து வாசிக்கலானார். அரங்கை இருளாக்கிச் சுவடியின்மீது மட்டும் ஒரு சிறு விளக்கை எரியவிட்டார். கேட்போர் கலைஞனின் முகத்தைப் பார்ப்பதை விட்டு இசையில் மனம் செலுத்தட்டும் என்பது அவர் கருத்து. மனப்பாட வித்தையே பெருமை என்றிருந்த மேடையில் இது பலருக்கு வியப்பாயிற்று. அவரோ, இளமையிலேயே இவ்வாறு செய்திருக்க வேண்டும் என்று வருந்தினார்.

1986 இல் தம் 71 ஆம் வயதில், சைபீரியா வழியே வெகுதொலைவு தரைவழியாகவே பயணம் செய்து, பேரரங்குகள் இல்லாத சிற்றூர்களிலும் வாசித்தார். 1995 மார்ச் 30 அன்று ஜெர்மனியின் லூபெக் நகரில் ஹைடனின் சொனாட்டாக்களை வாசித்ததே அவருடைய இறுதிக் கச்சேரிக்குத் தொடக்கமாயிற்று. தொடர்ந்து மற்றொரு கலைஞருடன் சேர்ந்து, இரு பியானோக்களுக்கென ரேகர் இயற்றிய படைப்பையும் வாசித்தார். அதன்பின் அவர் மேடை ஏறவில்லை. 1997 ஆகஸ்டு 1 அன்று மாஸ்கோவில் மறைந்தார்.